நாற்பது மூட்டையும் ஒற்றைப் புழுவும்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். காசிமேட்டுக் கடல்மீது ஆணை, கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டின்மீது ஆணை. ஒரு சொல் கூட்டிச் சொல்லியிருந்தாலும், சொன்ன நாக்கை ஐஸ் ஃபேக்டரியில் கொண்டுபோய் ஒரு பாளத்துக்கு அடியில் வைத்துவிடலாம். இதைக் கேட்டுச் சிலர் சிரித்ததுண்டு. அவர்களுக்கு உருளைக்கிழங்கையும் தெரியாது, சிலுவையம்மாளையும் தெரியாது.

சிலுவையம்மாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. காலடிப்பேட்டை மெட்ரோ ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சந்தில் எட்டுக் கிடங்குகள் வரிசையாக நிற்கின்றன. கடைசிக் கிடங்கு அவளுடையது. கட்டடம் வேறொருவருடையது, உள்ளே இருக்கும் காற்று அவளுடையது என்று வைத்துக்கொள்ளலாம். பத்தொன்பது வருடமாக அதில் அவள் உருளைக்கிழங்கைத் தவிர வேறெதையும் வைத்ததில்லை. வெங்காயமும் சேர்த்து வைக்கச் சொன்னவர்களிடம், "அழ வெக்கிறதுக்கு ஏற்கெனவே ஜனம் கீது" என்று சொல்லிவிட்டாள்.

அவளுடைய கிழங்கு கடைகளுக்குப் போவதில்லை, கடலுக்குப் போகும். காசிமேட்டிலிருந்து பத்து நாள், பதினைந்து நாள் தங்கலுக்குப் போகிற விசைப்படகுகள் அவளிடம்தான் மூட்டை எடுக்கும். நடுக்கடலில் மீனைப் பிடித்து மீனையே தின்றுகொண்டிருந்தால் மூன்றாம் நாள் வலை இழுக்கிறவனின் முகம் செத்துப்போகும். நாலாம் நாள் காலையில் உருளைக்கிழங்குப் பொரியலைக் காட்டினால்தான் கை நிமிரும். இதை மறுத்து அந்தக் கரையில் யாரும் வாதாடுவதில்லை.

ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் பாதிவரை அறுபத்தோரு நாள் மீன்பிடித் தடை. படகெல்லாம் கரையில் நிற்கும். தடை முடிகிற அன்று எல்லாப் படகும் ஒன்றாகக் கிளம்பும், ஒன்றாகச் சாமான் ஏற்றும். அன்றைக்குப் பார்த்து மண்டியில் கிழங்கு கிடைக்காது. அதனால் சிலுவையம்மாள் தடைக்கு முதல் நாளே நாற்பது மூட்டையை இறக்கி, அந்த அறுபத்தோரு நாள் வெயிலையும் தாண்டிக் காப்பாற்றி வைத்துவிடுவாள். வருடா வருடம் செய்வதுதான். இந்த வருடமும் இறக்கினாள். ஐந்தாம் நாள் அந்து வந்தது.

அந்து என்றால் அரிசி டப்பாவைத் திறந்ததும் பறக்குமே, அந்த ஏழைப் பூச்சி இல்லை. இது உருளைக்கிழங்குக்கென்றே பிறந்தது. சாம்பல் நிறம், ஓர் அரிசிமணி நீளம். கிழங்கின் கண்ணில் முட்டை வைக்கும். புழு பொரிந்து உள்ளே சுரங்கம் தோண்டும். வெளியே பார்த்தால் கிழங்கு லட்சணமாக இருக்கும், அறுத்தால் உள்ளே கறுப்பு எச்சமும் நாற்றமும்தான். சாதாரணமாக ஒரு கிடங்குக்குப் பத்து வரும், இருபது வரும். அன்றைக்கு வந்ததில் முதல் கூட்டம் டியூப்லைட்டின்மேல் உட்கார்ந்ததுமே கிடங்கு இருட்டிவிட்டது. இரண்டாம் கூட்டம் உட்கார இடமில்லாமல் வாசலில் காத்திருந்தது. மறுநாள் புழு தின்கிற சத்தம் வெளியே கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் ஜானட், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடி, காய்ந்துகொண்டிருந்த துணியை எல்லாம் உருவிக்கொண்டு வந்தாள். மழை பிடித்துவிட்டது என்று நினைத்திருக்கிறாள். அன்று வெயில் நூற்று மூன்று டிகிரி.

அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் ரவிக்குமார் வந்தார். எட்டுக் கிடங்குக்கும் அவர்தான் சொந்தக்காரர், வியாபாரிகள் சங்கத்துக்கும் அவரே செயலாளர். அவருடைய மச்சான் பூச்சிக்கு ஒரு வெள்ளைப் பொடி விற்கிறார். சாக்கின்மேல் கழுகு ஒன்று புழுவைக் கவ்விக்கொண்டு போகும் படம் போட்டிருக்கும். மற்ற ஏழு கிடங்குக்கும் அந்தப் பொடி போய்ச் சேர்ந்துவிட்டது. எட்டாவது சாக்கை ஆள் தலையில் ஏற்றிக்கொண்டு வந்து நின்றார்.

"இன்னா சிலுவம்மா, எல்லாரும் போட்டாச்சு. உன்னுது ஒண்ணுதான் பாக்கி. கதவத் தொற."

"இன்னாத்துக்கு?"

"பொடி தூவறதுக்கு. தூவுன மறுநாளு அந்து காலி."

"அப்பால அந்தக் கெயங்கத் தின்றவன்?"

"அவனுக்கு இன்னா? கழுவிட்டுத் தின்னட்டும்."

சிலுவையம்மாள் சாக்கை இறக்கச் சொன்னாள். கழுகைப் பார்த்தாள். சாக்கைத் திருப்பிப்போட்டு, கழுகின் முதுகுப்பக்கம் தையலுக்குக் கீழே எறும்பு நடந்தமாதிரி இருந்த எழுத்தைப் பார்த்தாள். உணவுப் பொருள்மீது தூவக் கூடாது என்று இருந்தது.

"தம்பி, இத்தப் படி."

"கண்ணாடி வூட்ல கீது."

"இந்தா என் கண்ணாடி."

ரவிக்குமார் அதை வாங்கிப் போட்டுக்கொண்டு சாக்கை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு கழற்றிக் கொடுத்துவிட்டு, "எனுக்கு பவர் வேற" என்றார்.

"சுவத்துக்கு அந்தாண்ட ஜானட்டு கைப்புள்ளய வெச்சிகினு கீறா. சுவத்துல நாலு எடத்துல ஓட்ட கீது, அந்த ஓட்டய அடைக்கச் சொல்லி மூணு வருசமா உன்ன கேட்டுகினு கீறேன். உன் பொடி அந்த ஓட்டைல பூந்து போவாதுன்னு எழுதிக் குடு, தூவறேன்."

"இதோ பாரு. ஒரு கெடங்குல புழு கீதுன்னா எட்டுக்கும் பரவும். சங்கத்துல முடிவு பண்ணியாச்சு. பொடி போடு, இல்ல சாவியக் குடு."

சாவி அவள் கழுத்தில் தொங்கியது. மாதா படம் போட்ட உத்தரியமும் அதே கயிற்றில்தான் இருந்தது. அவள் கயிற்றை வெளியே எடுத்துக் காட்டினாள்.

"ரெண்டும் ஒரே கயிறு. எடுக்கறதுன்னா சேத்து எடு. அப்பால ஞாயித்துக்கெயம சாமியாராண்ட நீயே பதில் சொல்லிக்க."

ரவிக்குமாரின் கை நீளவில்லை. ஆனால் வாய் நீண்டது. தெருவே கேட்கிறமாதிரி, இந்தப் பொம்பளையால் எட்டு வியாபாரிகளின் பிழைப்பு போகப்போகிறது என்றார். கூட்டம் சேர்ந்தது. சிலுவையம்மாள் அந்தக் கூட்டத்தை வைத்தே பேச்சை முடித்தாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. தடை முடியற அன்னிக்குக் காலைல இவுரு வரட்டும். உள்ள எதக் காட்டறாரோ அத்த உங்க எதுருல அறுக்கறேன். ஒரு புழு, ஒரே ஒரு புழு இருந்தாலும் சாவி அவுருது. கயிறோட குடுத்துர்றேன். இல்லன்னா, அவுரு பொடியும் இந்த வாசப்படி ஏறக்கூடாது, அவுரும் ஏறக்கூடாது."

"எத்த வெச்சு புழுவ வெரட்டுவ? ஜபம் சொல்லியா?"

"அத்தயும் சொல்லுவேன்."

அவளுக்குத் தெரிந்தது ஒரு வழிதான். கிழங்கு எடுக்க மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போயிருந்தபோது அங்கே ஒரு விவசாயி செய்ததைப் பார்த்திருந்தாள். அடியில் உலர்ந்த உண்ணிச்செடி இலை, அதன்மேல் பொறுக்கி எடுத்த கிழங்கு, கிழங்கின்மேல் சலித்த சாம்பல், அதன்மேல் ஒரு விரற்கடை உலர்ந்த மணல், மறுபடி இலை. மணல் மூடியிருந்தால் அந்துவுக்குக் கிழங்கின் கண் கிடைக்காது. இலையின் வாடைக்கு அது கிட்டேயும் வராது. இதைப் பார்க்க அவளுக்கு ஐந்து நிமிடம்தான் ஆனது. செய்யத்தான் ஊரே தேவைப்பட்டது.

இலை அண்ணனின் பொறுப்பு. ஹென்றி பேசின் பிரிட்ஜ் ரயில்வே யார்டில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன், ஓய்வுக்கு இன்னும் ஒரு வருடம் இருந்தது. யார்டில் தண்டவாளம் போட்ட இடம் போக மீதியெல்லாம் உண்ணிச்செடிதான். வேலை முடிந்ததும் ஒரு கட்டு வெட்டி, நொச்சியும் வேப்பிலையும் சேர்த்துக் கட்டி, கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறுவார். முதல் நாள் அந்தக் கட்டு ஏறிய பெட்டியிலிருந்து கொசு இறங்கிப்போனது. இரண்டாம் நாள் டிக்கெட் இல்லாதவர்கள் இறங்கிப்போனார்கள். மூன்றாம் நாளிலிருந்து ஹென்றி ஏறுவதற்கு முன்பே அந்தப் பெட்டி காலியாகி, அவரும் கட்டும் மட்டும் உட்கார்ந்து வந்தார்கள். சளி பிடித்தவர்கள் மட்டும் விசாரித்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்காருவார்கள்.

மீதி எல்லாம் பொன்னுரங்கத்தின் தலையில் விழுந்தது. பொன்னுரங்கம் விசைப்படகு ஓட்டுகிறவன். தடைக்காலத்தில் அவனுக்கும் அவன் ஆட்களுக்கும் வேலை கிடையாது, படகில் மீன் போடும் பிளாஸ்டிக் பெட்டிகளுக்கும் வேலை கிடையாது. நூற்றிருபது பெட்டியைக் கழுவிக் கொண்டுவந்து அடுக்கினான். மணல் சலிக்கச் சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டிலிருந்து ஒரு கம்பிச் சல்லடை தூக்கிவந்தான். சாம்பல் பேச்சு வந்தபோதுதான் கொஞ்சம் தடம் மாறினான்.

"யக்கா, சாம்பல்தான வோணும்? எண்ணூர் பவர் ஹவுஸாண்ட மாடில நின்னா தலமேலயே வந்து கொட்டுது. ஒரு லோடு வாரிகினு வரட்டா?"

"அத்த நாமளே சோத்தோட பெசஞ்சு தின்னுகினு கீறோம். கெயங்காவது நல்லதாத் தின்னட்டும். பாய் கடைல வேலங்கட்ட சாம்பல் கீது, அத்த சலிச்சுக் கொண்டா."

பாய் என்றது உபைதுல்லா. சந்து முனையில் சமோசாக் கடை வைத்திருப்பவர், இன்னும் விறகடுப்புதான். நாலு டின் சாம்பலைக் கொடுத்துவிட்டு, "தங்கச்சி, இத்த நீ எடுத்துகினு போறது எனுக்கு உபகாரம்" என்றார்.

கிழங்கு முழுவதையும் கொட்டி, ஒவ்வொன்றாகப் பார்த்து, ஓட்டை விழுந்ததை எல்லாம் ஒதுக்கியாயிற்று. நல்ல கிழங்கில் எந்தப் பெட்டிக்கு எவ்வளவு என்று பிரித்தாயிற்று. மணல் மட்டும் பாக்கி. அந்த நேரம் பார்த்துப் பழவேற்காட்டில் சிலுவையம்மாளின் நாத்தனார் பேத்திக்கு ஞானஸ்நானம். அவள்தான் ஞானத்தாய், போகாமல் முடியாது. "நல்ல மண்ணாப் பாத்துப் போடு, எலைய மறந்துடாத" என்று பொன்னுரங்கத்திடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். அங்கே நண்டும் இறாலும் போட்டு அவளை ஒன்பது நாள் விடவில்லை.

பொன்னுரங்கம் சொன்னபடி செய்தான். கடற்கரையில் பிறந்தவனுக்கு மண் என்றால் ஒன்றுதான், அலை ஓரத்து மண். அதை வாரிக்கொண்டு வந்தான். போடும்போது அவனுக்கு ஒரு யோசனை வந்தது. அவன் வீட்டில் அம்மா காலத்திலிருந்து கருவாடு போடுகிறார்கள். வஞ்சிரமோ வாளையோ, உப்பு கண்டால் ஒரு வருடமானாலும் புழு விழாது. இவ்வளவு விஷயம் தெரிந்த அக்கா இதை எப்படி மறந்தாள் என்று வருத்தப்பட்டு, தன் செலவிலேயே உப்பு வாங்கி, ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு கை தூவினான். உருளைக்கிழங்கு மூச்சு விடும், வியர்க்கும் என்பதும், கடல் மண்ணும் உப்பும் அந்த ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் என்பதும் அவனுக்குத் தெரியாது. செத்த மீன் வியர்ப்பதில்லை.

சிலுவையம்மாள் திரும்பி வந்தது தடையின் இருபத்தேழாம் நாள் காலை. சந்து முனையில் ஆட்டோ நின்றுவிட்டது. அதற்குமேல் போக வழியில்லை, சந்து முழுக்கப் பூனை. எண்ணூரிலிருந்து ராயபுரம்வரை ஒரு வீட்டிலும் பூனை பாக்கியில்லாமல் வந்து, கிடங்கைப் பார்த்தபடி வரிசையாக உட்கார்ந்திருந்தன. முந்நூற்றுப் பதினான்கு. எண்ணியது ஹென்றி. முப்பது வருடம் கூட்ஸ் வண்டியில் வேகன் எண்ணியவர், தப்பு வராது. பூனைகள்மேல் குற்றமில்லை. மீன் பெட்டி, அதற்குள் மண், அதற்குள் உப்பு, அதற்குள் எதுவோ நனைந்து நாறுகிறது. பூனைக்குத் தெரிந்தவரை அதற்குப் பெயர் ஒன்றுதான்.

அவள் பூனைகளைத் தாண்டிப்போய்க் கதவைத் திறந்தாள். ஒரு பெட்டியில் கையை விட்டாள். கை சொதசொதவென்று போயிற்று. விரலை நக்கிப் பார்த்தாள்.

"பொன்னுரங்கம். இன்னா பண்ண?"

"நல்லதுதான் பண்ணங்கா."

"இன்னா நல்லதுன்னு சொல்லு."

"நீ மண்ணு சொன்ன. போட்டேன். அப்பால கொஞ்சம் உப்பு."

"உப்பு நான் கேட்டனா?"

"கேக்கல. மறந்துட்டியோன்னு நெனச்சேன்."

அவன் முகத்தில் இன்னும் பாராட்டை எதிர்பார்க்கும் களை இருந்தது. சிலுவையம்மாள் விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அதற்குள் ரவிக்குமார் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பூனைகளுக்கு நடுவில் கால் வைக்க இடம் தேடித்தேடி வந்து சேர்ந்தார்.

"இன்னா சிலுவம்மா, உன் மருந்து பூனைக்குத்தான் வேல செய்யுது போல. கலீஜா கீது. நாத்தம் ஸ்டேஷன் வரைக்கும் வருது. சனிக்கெயமக்குள்ள காலி பண்ணிடு."

"பேச்சு இன்னா?"

"பேச்சு கிடக்கட்டும்..."

"கிடக்காது. பேச்சு அறுவத்தோரு நாளு. இன்னிக்கு இருவத்தேழு. மிச்சம் முப்பத்தி நாலு கீது. வூட்ல குந்திகினு எண்ணு. அது வரைக்கும் இது என் கெடங்கு, என் கெயங்கு, என் நாத்தம்."

"அழுவுனத வெச்சிகினு உதார் வுடுற."

"ஆமா. வுடுறேன்."

அவர் போன பிறகு அவள் வாசலில் குந்தினாள். பத்தொன்பது வருடத்தில் அந்த வாசலில் அவள் குந்தியதை யாரும் பார்த்ததில்லை. சாவியைக் கொடுத்துவிட்டால் காசிமேட்டில் யாரோ ஒருவர் கடையில் எடைபோட நிற்கவேண்டும், யாரோ சொல்கிற பொடியைத் தன் கையாலேயே தூவவேண்டும். நினைப்பு அந்த இடத்துக்கு வந்ததும் அவள் எழுந்துவிட்டாள்.

"கொட்டு, எல்லாத்தயும். மொதல்லேர்ந்து."

நூற்றிருபது பெட்டியையும் வெளியே கொட்டினார்கள். படகு ஆட்கள் முப்பது பேர் துணியோடு உட்கார்ந்து ஒவ்வொரு கிழங்காகத் துடைத்து, நிழலில் பரப்பினார்கள். மூன்று மூட்டை போயிற்று. அதைப் பூனைகளுக்கே ஒதுக்கினாள். அவை ஒரு கடி கடித்துப் பார்த்து, ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு, ஏமாற்றப்பட்டவர்களின் மௌனத்தோடு கலைந்துபோயின.

மணலைக் கழுவ நல்ல தண்ணீர் வேண்டும். சந்துக்கு வருகிற லாரித் தண்ணீர் குடிக்கவே காணாது. காசிமேட்டில் தடைக்கு முன் போட்டு விற்காமல் போன ஐஸ் பாளங்கள் ஒரு ஃபேக்டரியில் சும்மா கிடந்தன. பொன்னுரங்கம் போய்ப் பேசினான். பாளத்தை மணல்மேல் வைத்துவிட்டால் வெயில் உருக்கும், உருகின தண்ணீர் மணலைக் கழுவிக்கொண்டு போகும். அந்த மே மாதத்தில் காலடிப்பேட்டைக் கால்வாயில் குளிர்ந்த தண்ணீர் ஓடியது. ஜனம் காலை நனைத்துக்கொண்டு நின்றது. நாலு பேருக்குச் சளி பிடித்து, ஹென்றியின் பெட்டியைத் தேடிப் போனார்கள்.

ஒவ்வொரு கழுவலுக்கும் பிறகு சிலுவையம்மாள் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள்.

"இன்னும் கடல் கீது" என்றாள்.

மறுபடி கழுவினார்கள். ஏழாவது தடவைதான், "ம், இப்ப மண்ணு" என்றாள். அதைக் கரையில் நின்ற படகுகளின் மேல்தட்டில் பரப்பிக் காயவைத்தார்கள். இருபத்தாறு படகு. மேலே பறந்துபோன விமானத்திலிருந்து பார்த்தவர்கள் காசிமேட்டில் பாலைவனம் வந்துவிட்டது என்று போன் செய்ததாகக் கேள்வி. கேள்விதான், அதற்குச் சத்தியம் பொருந்தாது.

கழுவிய மணல், புதுச் சாம்பல், புது இலையோடு பெட்டிகளை மறுபடி அடுக்கினார்கள். இந்தத் தடவை சிலுவையம்மாள் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. பொன்னுரங்கம் பெட்டிக்கு அருகில் வரும்போதெல்லாம் அவன் கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்துவிட்டுத்தான் விட்டாள்.

இலை வாடை கிளம்பியதும் அந்துகள் வெளியேறின. கிடங்குக்கு எதிரே மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்து, என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தன. கம்பி தொங்கிப்போய், லைன்மேன் வந்து இழுத்துக் கட்டினார். ஒரு வாரம் பட்டினி கிடந்த பிறகு அவை ஒரு முடிவுக்கு வந்து, பொடி போட்ட ஏழு கிடங்குக்குள்ளும் போயின. முதலிரண்டு நாள் மயங்கி விழுந்தன. மூன்றாம் நாள் எழுந்தன. நாலாம் நாளிலிருந்து பொடி தூவாத கிழங்கை அவை தொடவே இல்லை. காரம் பழகிய நாக்கு அப்படித்தான்.

தடை முடிகிற நாள் காலை எட்டு மணிக்குச் சந்தில் இடமில்லை. படகு ஆட்கள், ஏழு கிடங்கு வியாபாரிகள், கைக்குழந்தையோடு ஜானட். அறுக்க உபைதுல்லா பாய். நாற்பது வருடம் உருளைக்கிழங்கு அறுத்த கத்தி, யார் பக்கமும் சாயாது என்று ரவிக்குமாரே ஒப்புக்கொண்டார்.

அவர் சுவரோரம் அடியில் இருந்த பெட்டியைக் காட்டினார். இழுத்தார்கள். பாய் மணலைத் தட்டி, ஒவ்வொன்றாக அறுத்தார். வெள்ளை, வெள்ளை, வெள்ளை. பெட்டி முடிந்தது.

"ஒண்ணு பத்தாது" என்றார் ரவிக்குமார்.

"ரெண்டு அறு பாய்" என்றாள் சிலுவையம்மாள்.

இரண்டாவதிலும் இல்லை.

"அந்த மூலைல கீறது."

"அத்தயும் அறு. இவுரு கையி எங்க நீளுதோ எல்லாத்தயும் அறு. நூத்தி இருவதும் சமோசாவாப் போனாலும் போவட்டும், எனுக்குச் சாவிதான் முக்கியம்."

பத்துப் பெட்டி ஆயிற்று. பாய்க்குப் பக்கத்தில் அறுத்த கிழங்கு இடுப்பளவு குவிந்தது. அவர் கத்தியை நிறுத்தி, "செக்ரட்டரி சார், நான் ஒரு மாச சமோசாவுக்கு அறுத்துட்டேன்" என்றார். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் ரவிக்குமார் தானே குனிந்து பதினோராவது பெட்டிக்குள் கையை விட்டு, ஒரு கிழங்கை எடுத்துத் தூக்கிப் பிடித்தார்.

"இது இன்னா?"

கிழங்கின்மேல் ஒரு புழு உட்கார்ந்திருந்தது. சுண்டுவிரல் தடிமன். கூட்டத்தைப் பார்த்துத் தலையை நிமிர்த்தியது.

ஹென்றி தொப்பியைக் கழற்றினார். பொன்னுரங்கம், "யக்கா, நான் இல்ல" என்றான். ரவிக்குமார் கையை நீட்டினார், சாவிக்காக.

சிலுவையம்மாள் கயிற்றைத் தொடவில்லை. புழுவை எடுத்துத் தன் உள்ளங்கையில் விட்டுக்கொண்டாள். அது நடந்தது. நடந்த வழியெல்லாம் வெள்ளையாகக் கோடு விழுந்தது.

"இது என் புழு இல்ல."

"புழுவுக்குப் பேரு எழுதிக்கீதா?"

"பேரு எழுதல. பவுடர் பூசிக்கீது. என் கெடங்குல மண்ணு கீது, சாம்பல் கீது, எல கீது. இந்த வெள்ள எங்கேர்ந்து வந்துச்சு? பாய், மோந்து பாரு."

பாய் மோந்து பார்த்தார். ஏழு தும்மல் போட்டார். ஜானட்டின் குழந்தை அதைப் பார்த்துச் சிரித்தது.

"காத்துல வந்திருக்கும்" என்றார் ரவிக்குமார்.

"மாமு, உன் ஜேபி ஏன் வெள்ளையா கீது?" என்றான் பொன்னுரங்கம்.

எல்லாரும் பார்த்தார்கள். சட்டைப் பையின் ஓரம் மாவு மில்லில் வேலை செய்கிறவன் பைமாதிரி இருந்தது. ரவிக்குமார் கையால் மூடினார். கையும் வெள்ளையாயிற்று.

ஏழு வியாபாரிகளில் மூத்தவர் ரமாபாய். சேட்டு வீட்டுப் பெண், அந்தச் சந்தில் முப்பது வருடமாகக் கிழங்கு வியாபாரம். அவள் முன்னால் வந்து புழுவை நெருக்கத்தில் பார்த்தாள். புழு தன் முதுகிலிருந்த பொடியை நக்கிக்கொண்டிருந்தது.

"இது செத்துரும்னுதான குடுத்த? இத்தத் தின்னுதான் இம்மாம் பெருசா கீது. அப்ப ரெண்டு மாசமா நான் இன்னாத்த வளத்துகினு கீறேன்?"

அவள் திரும்பித் தன் கிடங்கைத் திறக்கப் போனாள். மற்ற ஆறு பேரும் போனார்கள். ஏழு கதவும் திறந்த சத்தம் வந்தது, பிறகு ஏழு பேரும் திட்டுகிற சத்தம் வந்தது. மத்தியானத்துக்குள் கழுகுப்படச் சாக்கு ஒன்று பாக்கியில்லாமல் ரவிக்குமார் வீட்டு வாசலில் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிவிட்டது. அன்று அவர் வீட்டுக்குள் போக மாடி வழியாகத்தான் போனார்.

அதற்கு முன்னால், அவர் சந்தை விட்டு நழுவப் பார்த்தபோது, சிலுவையம்மாள் குறுக்கே நின்றாள். உள்ளங்கையிலிருந்த புழுவை எடுத்து, பதறாமல் அவருடைய சட்டைப் பைக்குள் விட்டாள்.

"உன் ஆளு. கூட்டிகினு போ. சுவத்து ஓட்டய நாளைக்கு வந்து அடைச்சிடு. வாசப்படி ஏறாம அடை."

படகுகள் மூட்டை ஏற்றின. பொன்னுரங்கத்தின் படகுக்கு மட்டும் அவள் எடைக்குமேல் ஒரு பெட்டி வைத்தாள். அவன் பேச வாயைத் திறந்ததும், "உப்பு கீதா உங்க படகுல?" என்று கேட்டாள். இருக்கிறது என்றான். "அத்த இதுல போடாத, பொரிக்கும்போது போடு" என்றாள்.

அதே சந்தில் எதிர்ப்பக்கம், ரவிக்குமாருக்கும் சங்கத்துக்கும் சம்பந்தமில்லாத மதி என்பவருடைய தனிக் கிடங்கில் ஐம்பது மூட்டை உருளைக்கிழங்கு, பொடியும் இலையும் மணலும் இல்லாமல், அதே அறுபத்தோரு நாளும் பூட்டிய கதவுக்குள் கிடந்தது. அதில் ஒரு புழு கூட விழவில்லை. நடந்ததற்குத்தான் சத்தியம், காரணத்துக்கு இல்லை.